ஏழு நாள் வழியும் நான்கு மணி வழியும்



வகுப்பறையில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கோலாலம்பூரிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?" என்பதே அது. பாடநூலைப் படித்த மாணவன், "ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர், ஐயா" என்பான். விடுமுறையில் பெற்றோருடன் போய் வந்த மாணவி, "நான்கு மணி நேரம், ஐயா" என்பாள். இதே கேள்வியை அவர்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டிருந்தால், "கப்பலில் ஏழு நாள்" என்று சொல்லியிருப்பார்கள்.

மூன்று விடைகளும் சரியானவையே. கிலோமீட்டரில் சொன்ன விடை அன்றும் இன்றும் ஒன்றுதான். மணியிலும் நாளிலும் சொன்ன விடையோ காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. அப்படி மாறிய கதையே நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த கதையுமாகும். இன்றைய உரையில் அதைப் பார்ப்போம்.

முதலில் தூரத்தை அளப்பது எப்படி என்று தெரிந்துகொள்வோம். சுவரில் தொங்கும் வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளந்தால் சரியான விடை கிடைக்காது. உலகம் உருண்டை, அதைத் தட்டையான தாளில் விரிக்கும்போது சில இடங்கள் நீண்டுவிடும், சில இடங்கள் சுருங்கிவிடும். ஆகையால் உலக உருண்டை ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில் இருக்கிறது. சென்னை 13 பாகையில் இருக்கிறது. இரண்டு ஊர்களின் மேலும் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் படிந்து கிடக்கும் வழியே மிகக் குறுகிய வழி. விமானங்கள் கூடியவரை அந்த வழியைத்தான் நாடுகின்றன.

அந்த நூலை உலகம் முழுவதும் சுற்றி வரும் நூலோடு ஒப்பிட்டால், அதில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு இருக்கும். உலகின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். பதினைந்தால் வகுத்துப் பாருங்கள். 2,600-க்குச் சற்று மேல் வரும். வீட்டில் உலக உருண்டை இல்லையென்றால் கவலை வேண்டாம். ஒரு காற்பந்தை உலகமாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இடையே மூன்று விரல் அகலம்தான் இருக்கும். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குச் சாலை வழி சுமார் 350 கிலோமீட்டர். அதைப்போல் ஏழு மடங்குக்கும் சற்றுக் கூடுதலான தூரம் என்றும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த மூன்று விரல் தூரத்தை மனிதர் எப்படிக் கடந்தார்கள்?

மிகப் பழங்காலத்தில் காற்றே ஓட்டுநர். கெடா மாநிலத்தைத் தமிழர் கடாரம் என்று அழைத்தார்கள். சோழ மன்னன் இராசேந்திரனின் படை 1025-ஆம் ஆண்டில் கடாரத்துக்கு வந்தது என்பதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதற்கு முன்பே வணிகர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள் என்பதற்குப் பூஜாங் பள்ளத்தாக்கில் கண்டெடுக்கப்பட்ட கோயில் அடித்தளங்களும் கல்வெட்டுகளும் சான்றாக நிற்கின்றன. பாய்மரக் கப்பலுக்கு இயந்திரம் கிடையாது. பருவக்காற்று ஒரு திசையில் வீசும்போது வரவேண்டும். அது மாறி எதிர்த்திசையில் வீசும்வரை காத்திருந்து திரும்பவேண்டும். போய்வரப் பல மாதங்கள் பிடிக்கும். அந்நாளில், "சென்னை எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், "ஒரு பருவம்" என்பதே விடையாக இருந்திருக்கும்.

பிறகு நீராவிக் கப்பல் வந்தது. காற்றுக்குக் காத்திருக்கும் நிலை மாறியது. நிலக்கரியை எரித்து, குறித்த நாளில் புறப்பட்டு, குறித்த நாளில் வந்து சேரலாம் என்றாயிற்று. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் கப்பல்கள் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று வரிசையாகத் துறைமுகங்களைத் தொட்டுச் சென்றன. இன்று கிள்ளான் துறைமுகம் என்று நாம் சொல்லும் இடத்துக்கு 1972-ஆம் ஆண்டு வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்பதே பெயர்.

அந்தக் கப்பல்களில் நம் மக்கள் நாவில் நின்றுவிட்ட பெயர் ரஜுலா. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்டு, 1926-ஆம் ஆண்டில் அது ஓடத் தொடங்கியது. அறை எடுத்துப் பயணம் செய்தவர்கள் சிலர். மேல்தளத்திலும் கீழ்த்தளங்களிலும் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். தோட்டத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பாய் விரித்தவர்களே.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். கடலில் தூரத்தைக் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நேர்த்தூரம் சுமார் 1,260 கடல் மைல். கப்பலின் வேகம் மணிக்கு 12 கடல் மைல் என்று வைத்துக்கொள்வோம். 1,260-ஐ 12-ஆல் வகுத்தால் 105 மணி. அதாவது நான்கு நாளும் ஒன்பது மணியும். அப்படியானால் நம் மூத்தவர்கள் சொன்ன ஏழு நாள் மிகைப்பேச்சா?

இல்லை. கப்பல் சென்னையில் புறப்பட்டு நாகப்பட்டினத்துக்கு வரவேண்டும். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து ஆட்களையும் மூட்டை முடிச்சுகளையும் படகில் கொண்டுபோய் ஏற்றவேண்டும். பினாங்கில் பாதிப் பேர் இறங்கியபின் மேலும் தெற்கே போகவேண்டும். கணக்கில் நான்கரை நாள் என்பது பயணத்தில் ஏழு நாளாகிவிடும்.

அந்த ஏழு நாளுக்கு முன்னும் பின்னும் வேறு நாட்கள் இருந்தன. கிராமத்திலிருந்து கங்காணியோடு புறப்பட்டவர்கள் நாகப்பட்டினத்திலோ சென்னைக்கு அருகில் ஆவடியிலோ இருந்த முகாம்களில் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். இங்கே வந்து சேர்ந்ததும் நோய்த்தடுப்பு முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். பினாங்குக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெரஜாக் தீவு அத்தகைய முகாம்களில் ஒன்று. அம்மையோ காலராவோ இல்லை என்று உறுதியான பிறகுதான் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். இவற்றையும் சேர்த்தால், கிராமத்து வீட்டு வாசலிலிருந்து தோட்டத்து லயத்து வாசலுக்கு வந்துசேர மாதக் கணக்கிலும் ஆகியிருக்கக்கூடும்.

கப்பல் கட்டணத்தை யார் கொடுத்தார்கள்? 1907-ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒரு நிதி சட்டப்படி ஏற்படுத்தப்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள் அதற்குப் பணம் செலுத்தினார்கள். அந்த நிதியிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. ஆகவே வருவதற்குக் கையில் காசு தேவைப்படவில்லை. திரும்பிப் போவது அவ்வளவு எளிதாக இல்லை. 1937-ஆம் ஆண்டில் ஆண்களுக்கு நாள் ஒன்றுக்கு 50 காசும், பெண்களுக்கு 40 காசும் கூலியாக இருந்தன. அந்தக் கூலியில் சாப்பாட்டுச் செலவு போக, கடையில் கடன் போக, மிஞ்சியதைச் சேர்த்துக் கப்பலேற எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். 1938-ஆம் ஆண்டில் அந்தக் கூலியும் குறைக்கப்பட்டது. அதையொட்டி இந்திய அரசு, உதவிப் பணத்தில் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது.

பிறகு போர் வந்தது. 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சி. இரண்டு கரைகளுக்கும் இடையே பயணிக் கப்பல் ஓடவில்லை. ரஜுலாவும் படையினரை ஏற்றும் கப்பலாகிவிட்டது. கடிதப் போக்குவரத்தும் அற்றுப்போயிற்று. சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் செய்தி ஊரில் இருந்த தாய்மாருக்கு எட்டவே இல்லை. 2,600 கிலோமீட்டர் அப்போதும் 2,600 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த மூன்றரை ஆண்டுகள் அது கடக்க முடியாத தூரமாக இருந்தது.

இனி ஆகாய வழிக்கு வருவோம்.

ரைட் சகோதரர்கள் 1903-ஆம் ஆண்டு திசம்பர் 17-ஆம் நாள் முதன்முதலாக விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அந்த முதல் பறப்பு 12 வினாடிகளே நீடித்தது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்குள் விமானம் தபால் சுமக்கும் வாகனமாகிவிட்டது. 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஜே. ஆர். டி. டாட்டா தபால் விமானத்தை ஓட்டி வந்தார். அந்தத் தபால் பம்பாயிலிருந்து மற்றொரு விமானி மூலம் சென்னைக்குச் சென்றது. நம் பக்கத்தில், சிங்கப்பூரின் காலாங் விமான நிலையம் 1937-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1947-ஆம் ஆண்டு மே மாதத்தில் மலாயன் ஏர்வேஸ் நிறுவனம் சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு நகரங்களுக்கிடையே கால அட்டவணைப்படி விமானங்களை ஓட்டத் தொடங்கியது.

அக்காலத்தில் உலகெங்கும் பெயர்பெற்ற விமானம் டி.சி. 3. இரண்டு விசிறிகளைக் கொண்ட அது மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 2,600-ஐ 270-ஆல் வகுத்தால் ஏறக்குறைய பத்து மணி நேரம். ஆனால் எரிபொருளை வைத்துப் பார்த்தால் அவ்வளவு தூரத்தை ஒரே மூச்சில் கடப்பது அதற்குக் கடினம். நடுவில் எங்காவது இறங்கி நிரப்பிக்கொள்ள வேண்டும். இங்கிருந்து சென்னைக்கு நேர்வழியில் கடலும் தீவுகளுமே இருக்கின்றன. ஆகவே சுற்றுவழியாகத் தரை உள்ள பக்கம் போகவேண்டியிருக்கும்.

இந்த இடர்ப்பாட்டை நீக்கியது ஜெட் விமானம். 1950-களில் பிரிட்டனில் காமெட்டும், அமெரிக்காவில் போயிங் 707-உம் பயணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கின. விசிறி விமானத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகம். அவை பறந்தது பத்து கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில். அங்கே காற்று அடர்த்தி குறைவாக இருப்பதால் விமானத்துக்கு எதிர்ப்பும் குறைவு. ஜெட் விமானங்கள் இறங்க நீண்ட ஓடுபாதை வேண்டும். அதற்காகவே சுபாங் விமான நிலையம் கட்டப்பட்டு, 1965-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் திறக்கப்பட்டது. செப்பாங்கில் இருக்கும் இன்றைய பன்னாட்டு விமான நிலையம் 1998-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் திறக்கப்பட்டது. அந்த நிலமும் முன்பு செம்பனையும் ரப்பரும் நின்ற தோட்டப்புறமே.

இப்போது மாணவர்களுக்கு ஒரு புதிர். இன்றைய ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. 2,600-ஐ 850-ஆல் வகுத்தால் மூன்று மணிக்குச் சற்று மேல் வருகிறது. ஆனால் பயண அட்டவணையில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். மிச்சம் ஒரு மணி நேரம் எங்கே போயிற்று?

கப்பல் கணக்கில் நாம் கண்ட விடைதான் இங்கேயும். 850 என்பது உயரத்தில் போனபின் எட்டும் வேகம். அதற்கு முன் விமானம் நிலையத்தைவிட்டு ஓடுபாதைவரை மெல்ல உருண்டு போகவேண்டும். தன் முறை வரும்வரை நிற்கவேண்டும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் அதன் வேகம் குறைவு. இறங்கும் இடத்தில் நெரிசல் இருந்தால் வட்டமடித்துக் காத்திருக்க நேரும். ஆகாயத்திலும் வகுக்கப்பட்ட பாதைகள் உண்டு; நூல் பிடித்தாற்போல் எப்போதும் போக முடியாது. காற்றும் ஒரு காரணம். தென்மேற்குப் பருவக்காலத்தில் தரையில் காற்று தென்மேற்கிலிருந்து வீசினாலும், தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காகப் பலத்த காற்று வீசும். அது ஒரு திசையில் போகும் விமானத்தைத் தள்ளிவிடும். எதிரே வரும் விமானத்தைத் தாமதப்படுத்தும்.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு சொல். இரவு பத்து மணிக்கு இங்கே புறப்பட்டு நான்கு மணி நேரம் பறந்தால், சென்னையில் இறங்கும்போது அங்குள்ள கடிகாரம் இரவு பதினொன்றரை காட்டும். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கி இருப்பதே இதற்குக் காரணம். சூரியனை மட்டும் வைத்துப் பார்த்தால், இரண்டு ஊர்களுக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவான வேறுபாடுதான் இருக்கவேண்டும். ஆனால் 1982-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு ஒன்றாக்கிக்கொண்டது. அதற்கு முன் நமக்கும் சென்னைக்கும் இரண்டு மணி நேர வேறுபாடே இருந்தது.

நேயர்களே, இதுவரை கேட்டதை வைத்து, தூரம் குறைந்துகொண்டே வந்தது, ஆகவே உறவினர் நெருங்கிவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதற்கு எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும்.

என் பாட்டி தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். 1930-களில், ஒன்பது வயதில், பெற்றோருடன் கப்பலேறி வந்தார். கைக்குழந்தையாக இருந்த தம்பியை அந்த ஏழு நாளும் தன் மடியிலேயே வைத்திருந்ததாகச் சொல்வார். இருவரும் ஒரே தோட்டத்தில் வளர்ந்து, ஒரே நிரையில் பால்வெட்டினார்கள். நாடு 1957-ஆம் ஆண்டில் விடுதலை அடைந்தபோது குடியுரிமைக்கு மனுச் செய்யும் வாய்ப்பு இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். "இங்கேதானே இருக்கிறோம், இதற்கு எதற்குக் காகிதம்?" என்று இருந்துவிட்டார்கள். கையில் சிவப்பு அடையாள அட்டை மட்டும் இருந்தது.

1968-ஆம் ஆண்டில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969-ஆம் ஆண்டுக்குப் பின் அது நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. பல்லாயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். நம்மவர்களை ஏற்றிக்கொண்டு வந்த அதே ரஜுலா அவர்களைத் திருப்பிக் கொண்டுபோயிற்று. பாட்டியின் தம்பி 1970-இல் போனார். கைக்குழந்தையாக வந்தவர், அந்த ஊர் எப்படியிருக்கும் என்றே அவருக்குத் தெரியாது. தாத்தாவுக்குக் குடியுரிமை இருந்ததால் பாட்டி இங்கேயே தங்கிவிட்டார்.

1978-இல் அந்தத் தம்பி இறந்துபோனார். செய்தி கடிதத்தில் வந்தது. வந்து சேர்ந்தபோது பன்னிரண்டாம் நாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. சென்னைக்கு விமானத்தில் நான்கு மணி நேரம். நான்கு நாளில் பலமுறை போய்வரலாம் அல்லவா? பாட்டியும் அப்படித்தான் என் தந்தையிடம் கேட்டாராம். "ஏரோப்ளேனில் போனால் நாளைக்கே போய்விடலாமாமே, தம்பி?" என்றாராம்.

என் தந்தை சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போனார். டிக்கெட் விலை வீட்டிலிருந்த எல்லாரும் சேர்ந்து மாதக்கணக்கில் உழைத்தாலும் எட்டாதது. கடன் வாங்கிச் சமாளிக்கலாம் என்று துணிந்தபோது, அதைவிடப் பெரிய தடை எதிரே நின்றது. குடியுரிமை இல்லாதவருக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. வேறு பயணப் பத்திரம் பெறப் பிறப்புச் சான்று கேட்டார்கள். பாட்டியிடம் அது இல்லை. வாரக்கணக்கில் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். பதினாறாம் நாளன்று பாட்டி தோட்டத்து ஆற்றங்கரையில் ஒரு வாழை இலையில் சோறு வைத்துத் தம்பி பெயரைச் சொல்லி அழுதார். நான் பிறப்பதற்கு முன் நடந்தது இது. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் அவர் அந்த ஆற்றங்கரைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

பின்னர் கப்பல் வழியும் இல்லாமற் போயிற்று. ரஜுலா 1973-இல் விற்கப்பட்டு, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதற்குப் பின் அந்த வழியில் ஓடிய சிதம்பரம் என்ற கப்பலில் 1985-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தீப்பிடித்து, பயணிகள் பலர் மாண்டார்கள். அக்கப்பலும் அதே ஆண்டில் உடைப்பதற்கு விற்கப்பட்டது.

இப்போது என் மாணவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். இரண்டு ஊர்களுக்கிடையே உள்ள தூரத்தை அளக்க நான்கு அளவுகோல்கள் உண்டு. முதலாவது கிலோமீட்டர், அதை மாற்ற யாராலும் முடியாது. இரண்டாவது மணி நேரம். அதை இயந்திரம் குறைத்துவிட்டது. மூன்றாவது பணம், 2000-ஆம் ஆண்டுக்குப் பின் மலிவு விமானங்கள் வந்து அதையும் ஓரளவு குறைத்திருக்கின்றன. சென்னைக்கு மட்டுமன்றித் திருச்சிராப்பள்ளிக்கும் இங்கிருந்து நேரே பறக்கலாம். அதுவும் சுமார் 2,700 கிலோமீட்டர்தான். நான்காவது அளவுகோல் பத்திரம். இதை எந்த இயந்திரமும் நமக்காகக் குறைக்காது. நாம்தான் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, வீட்டில் குழந்தை பிறந்தால் காலம் தாழ்த்தாமல் பதிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயரின் எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா என்று அன்றைக்கே பாருங்கள். திருமணத்தையும் சட்டப்படி பதிவு செய்யுங்கள். பெற்றோரின் திருமணம் பதிவாகாத காரணத்தால் பிள்ளைகளின் குடியுரிமை சிக்கலான குடும்பங்களை நான் பள்ளியில் ஆண்டுதோறும் பார்க்கிறேன். பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கவேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். "இங்கேதானே இருக்கிறோம்" என்ற ஒரு சொல்லுக்கு என் பாட்டி என்ன விலை கொடுத்தார் என்பதை இப்போது கேட்டீர்கள்.

மாணவர்களுக்கு இன்னொரு வேலையும் தருகிறேன். உங்கள் குடும்பத்தில் வயதில் மூத்தவர் யாரோ அவரிடம் போய் அமருங்கள். நம் முன்னோர் எந்தக் கிராமத்திலிருந்து வந்தார்கள், எந்தத் துறைமுகத்தில் ஏறி எங்கே இறங்கினார்கள், எந்த ஆண்டு, கப்பலின் பெயர் என்ன, முதலில் எந்தத் தோட்டத்துக்குப் போனார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கப்பலேறி வந்தவர்கள் இன்று மிகச் சிலரே எஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் சொல்லக் கேட்டவர்களாவது இருக்கும்போதே எழுதிக்கொள்வது நல்லது.

என் தந்தை 2009-ஆம் ஆண்டில் அந்தக் கிராமத்துக்குப் போய்வந்தார். விமானத்தில் நான்கு மணி நேரம். சென்னையிலிருந்து பேருந்தில் எட்டு மணி நேரம். மறுநாளே தாய்மாமன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அப்போது பாட்டி உயிரோடு இல்லை. அந்த வீட்டுச் சுவரில் ஒரு பழைய புகைப்படம் தொங்கியதாம். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அக்காளும் தம்பியும் அருகருகே நிற்கும் படம். அதே படம் எங்கள் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது.

உலக உருண்டையில் மூன்று விரல் தூரத்தில் இருக்கும் அந்த இரண்டு சுவர்களையும் எண்ணிக்கொண்டு இந்த உரையை முடிக்கிறேன். மீண்டும் மற்றொரு பாடத்தில் சந்திப்போம்.